வீட்டில் யாருக்கு எந்த இடம்? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொழும்பின் தொடர்மாடி வீடுகளிலிருந்து எழுதப்பட்டவை. வீடு சிறியது, ஆட்கள் அதிகம், ஆளுக்கோர் அறை கொடுக்க வழியில்லை என்பதே அவற்றில் திரும்பத் திரும்ப வரும் குறை. சுவரை இடித்தோ புதிய தளபாடம் வாங்கியோ தீர்க்க வேண்டியவை அவற்றுள் மிகச் சிலவே என்பது என் எண்ணம். வீட்டில் யார், எந்த நேரத்தில், எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கவனித்து இடத்தைப் பங்கிட்டால் தீரக்கூடியவையே அதிகம். ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்பக்கமாக, மூன்றாம் மாடியில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீட்டில் வசிக்கிறோம். மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். மகன் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகிறான். மாமியும் மகளும் ஓர் அறையில், நாங்களும் மகனும் மற்றைய அறையில் படுக்கிறோம். மாமி பிற்பகல் முழுவதும் ஹோலில் தொலைக்காட்சி பார்ப்பார். எட்டரை மணிக்குப் படுத்துவிடுவார். அதன்பின் மகள் லைட் போட முடியாமல் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கட்டிலில் இருந்து படிக்கிறாள். மகனுக்குச் சாப்பாட்டு மேசைதான். சீரியல் சத்தத்தில் அவனால் படிக்க முடிவதில்லை. ஹோலைப் பலகை அடித்து மறித்து ஒரு படிப்பறை செய்யலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பலகை அடிக்க வேண்டாம், சகோதரி. காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள வீடுகளுக்குக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வருகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில் அதை நன்றாக உணரலாம். ஹோலைக் குறுக்கே மறித்தால் யன்னல் பக்கத்துப் பாதிக்கு மட்டும் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும். உட்பக்கத்துப் பாதியில் பட்டப்பகலிலும் மின்குமிழும் மின்விசிறியும் இல்லாமல் இருக்க முடியாத நிலை வரும். பிள்ளைக்கு ஓர் அறை கிடைப்பதற்காக மற்ற நான்கு பேரும் புழுங்க வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக ஒரு தாளை எடுத்து, பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும் நேரத்திலிருந்து எல்லோரும் நித்திரைக்குப் போகும் வரை, ஒவ்வொரு மணித்தியாலமும் வீட்டிலுள்ள ஐந்து பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். நீங்கள் எழுதிய விபரங்களை வைத்து நானும் அவ்வாறு எழுதிப் பார்த்தேன். பிற்பகலிலிருந்து எட்டரை மணி வரை மாமி ஹோலில் இருக்கிறார்; அவ்வளவு நேரமும் அவருடைய படுக்கையறை சும்மா கிடக்கிறது. எட்டரைக்குப் பிறகு அறையில் ஆள் இருக்கிறார், ஹோல் சும்மா கிடக்கிறது. உங்கள் மகள் இரண்டு தடவையும் ஆள் இருக்கும் இடத்திலேயே அகப்பட்டுக்கொள்கிறாள். ஆகவே பாடசாலையிலிருந்தோ ரியூசனிலிருந்தோ வந்து எட்டரை மணி வரை அவள் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டும். எட்டரைக்குத் தொலைக்காட்சியை நிறுத்தி, மாமி அறைக்குப் போனதும், அவள் ஹோலுக்கு வரட்டும். பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கதவுள்ள ஓர் இடம் சில மணித்தியாலங்களாவது வேண்டும் என்பதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். பத்து வயது மகனுக்கு அது தேவையில்லை. அந்த வயதுப் பிள்ளை தாயின் குரல் கேட்கும் தூரத்தில், சந்தேகம் வந்தால் உடனே கேட்கக்கூடிய இடத்தில் இருந்துதான் அமைதியாகப் படிக்கும். எனவே சாப்பாட்டு மேசை அவனுக்குப் பொருத்தமான இடமே. தடையாக இருப்பது தொலைக்காட்சி மட்டுந்தான்.

அதற்கு வழி, மாமியின் கதிரையைத் தொலைக்காட்சிக்கு அருகே கொண்டுவருவது. பல வீடுகளில் தொலைக்காட்சி ஹோலின் ஒரு மூலையிலும் அதைப் பார்ப்பவரின் கதிரை எதிர் மூலையிலும் இருக்கின்றன. செவிப்புலன் சற்றுக் குறைந்த முதியவர் சத்தத்தைக் கூட்டாமல் வேறு என்ன செய்வார்? ஐந்து அல்லது ஆறு அடி தூரத்தில், தொலைக்காட்சியின் முகம் சாப்பாட்டு மேசைப் பக்கம் வராதபடி வைத்துக் கொடுத்தால் அவர் தாமாகவே சத்தத்தைக் குறைத்துவிடுவார். அவரை அறைக்குள் அனுப்பி அங்கே ஒரு தொலைக்காட்சியை வைத்துக் கொடுக்கும் யோசனை யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அது மகளின் அறையையும் பறிக்கும், மாமியை வீட்டின் நடமாட்டத்திலிருந்தும் விலக்கிவிடும்.

அடுத்தது, மகள் இரவில் ஹோலில் எங்கே இருந்து படிப்பது என்பது. உங்கள் ஹோலில் யன்னலோரத்தில் செற்றியும் அதற்குப் பக்கத்தில் சோகேசும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொழும்பில் நான் அறிந்த வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன: வீட்டிலேயே சிறந்த காற்றும் வெளிச்சமும் உள்ள இடம், எப்போதாவது வரும் விருந்தினருக்காக ஒதுக்கப்பட்டிருக்கும், தினமும் அங்கே வாழும் பிள்ளைகள் இருட்டு மூலையில் இருந்து படிப்பார்கள். செற்றியை உட்சுவரோரம் நகர்த்துங்கள். வருகிறவர்கள் அங்கேயும் மகிழ்ச்சியாக இருந்து தேநீர் குடிப்பார்கள். யன்னலோரத்தில் நான்கு அடி நீளமும் ஏறக்குறைய இரண்டு அடி அகலமும் உள்ள ஒரு மேசை போதும். அதை யன்னலை நேரே பார்க்கும்படி வைத்தால் பிற்பகல் நான்கு மணி வெயில் கண்ணில் அடிக்கும். பக்கவாட்டில் வைத்து, வலக்கையால் எழுதுபவராயின் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் கையின் நிழல் எழுத்தின் மீது விழாது. இரவுக்கு ஒரு மேசை விளக்கையும் அதே இடப்பக்கத்தில் வையுங்கள். மகன் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது கால்கள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். தொங்கினால் ஒரு சிறிய முக்காலியைக் காலுக்கு வைத்து, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி கதிரையில் ஒரு தட்டையான மெத்தையைப் போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழும்பி ஓடும் பழக்கம் ஓரளவு இதனாலேயே குறையும்.

சோகேசைப் பற்றியும் ஒரு சொல். அதிலுள்ள பொருட்களில் உங்களுக்கு உண்மையில் பெறுமதியானவற்றை மேல் தட்டில் வைத்துவிட்டு, கீழ்த் தட்டுகள் இரண்டை ஆளுக்கொன்றாகப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ஒரே மேசையைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் சண்டை வருவது மேசைக்காக அல்ல, அதில் மற்றவர் விட்டுச்சென்ற புத்தகங்களுக்காக. சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் எடுத்து வைக்கத் தனித்தனி இடம் இருந்தால் அந்தச் சண்டை பெரும்பாலும் இராது.

வீட்டாரின் வழக்கத்தைக் கேட்டறிந்து இடத்தைப் பங்கிடும் வழி என் கண்டுபிடிப்பு அல்ல. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினராகத் தெரிவான முதல் ஆசியப் பெண்ணான மினெட் டி சில்வா, 1950களில் கண்டி வத்தப்புளுவையில் அரச ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை வரைந்தபோது, அங்கே குடிவரப்போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து அவர்களின் தேவைகளைக் கேட்டறிந்த பின்னரே வீடுகளை வடிவமைத்தார். கட்டி முடித்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் அது பொருந்தும். கேட்க வேண்டியவர்களில் உங்கள் மாமியும் ஒருவர். கதிரையை நகர்த்துவதற்கு முன் அவரிடம் கேளுங்கள், நகர்த்திய பின் அல்ல.

மகன் உங்கள் அறையில் படுப்பது இன்னும் நெடுங்காலம் நீடிக்க முடியாது; கணவன் மனைவிக்கும் கதவு வேண்டும். மகளின் பரீட்சை முடிந்து ஹோல் இரவில் விடுபட்டதும், பகலில் சுருட்டி வைக்கக்கூடிய மெத்தை ஒன்றை அங்கே அவனுக்குப் போட்டுக் கொடுக்கலாம். அதுவரை இப்படியே இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் இருப்பது வாடகை வீடு. சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் விடுவதில்லை. சாமி அறையும் இல்லை. படங்களைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்திருப்பது மனத்துக்கு ஒவ்வாமல் இருக்கிறது.
– வாசகி, கொச்சிக்கடை

பதில்: இடுப்புயரமான சிறிய அலுமாரி ஒன்றை அதற்கென்றே ஒதுக்குங்கள், அம்மா. மேலே படங்களும் விளக்கும், உள்ளே திரி, எண்ணெய், கற்பூரம், பஞ்சாங்கம். படங்கள் கிழக்குப் பார்த்திருக்க வாய்ப்பிருந்தால் நல்லது. இல்லாவிட்டால், அந்திநேரத்தில் வீட்டார் எல்லோரும் கடந்துபோகும் இடம் எதுவோ அங்கே வையுங்கள். விளக்குக்கும் திரைச்சீலைக்கும் இடையே குறைந்தது இரண்டு அடி இருக்க வேண்டும். விளக்கின் கீழே ஒரு பித்தளைத் தட்டு இருப்பது எண்ணெய் சிந்துவதற்கும் திரி விழுவதற்கும் பாதுகாப்பு. மின்விசிறியின் நேர்க்கீழே மட்டும் வைத்துவிட வேண்டாம்.

கேள்வி: எழுபத்தெட்டு வயதான அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுடன் வந்திருக்க அழைத்து வந்தோம். இரவில் குளியலறைக்குப் போகும்போது ஒருமுறை விழுந்துவிட்டார். நல்லகாலம், எலும்பு முறியவில்லை. அவருக்கு உள்ளறையைக் கொடுத்து, அவருடைய சாய்மனைக் கதிரையையும் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். ஆனால் மனிதர் வாடிப்போய் இருக்கிறார். வீட்டில் என்ன மாற்றம் செய்யலாம்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: விழுந்ததை முதலில் அவருடைய வைத்தியரிடம் சொல்லுங்கள், ஐயா. மருந்துகள், இரத்த அழுத்தம், கண் பார்வை ஆகியவற்றைப் பார்க்காமல் வீட்டை மட்டும் திருத்துவது பாதி வேலைதான். படுத்திருந்து சட்டென்று எழும்பும்போது பல முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். எழும்பிக் கட்டில் விளிம்பில் சிறிது நேரம் இருந்துவிட்டு நிற்கும்படி அவருக்குச் சொல்லுங்கள். அப்படி இருக்கும்போது இரண்டு பாதங்களும் நிலத்தில் முழுமையாகப் படியும் உயரத்தில் கட்டில் இருக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் இரவில், லைட்டுகளை அணைத்துவிட்டு, அவருடைய கட்டிலிலிருந்து கொமட் வரை நீங்களே நடந்து பாருங்கள். பகலில் கண்ணில் படாதவை எல்லாம் அப்போது காலில் படும்: மின்விசிறியின் வயர், சுருளும் கால்மிதி, நடைபாதையில் வைத்த தண்ணீர்ப் போத்தல் பெட்டி, குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டிய இரண்டு மூன்று அங்குலத் தடுப்பு. முதல் மூன்றையும் அன்றைக்கே அகற்றிவிடலாம். தடுப்பை உடைக்க முடியாது; ஆனால் தரை ஓட்டின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் ஒரு பட்டியை அதன் விளிம்பில் ஒட்டி, அதைக் கடக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைபிடியைப் பொருத்தலாம். வயதான கண்ணுக்கு இளையவரின் கண்ணைவிட அதிக வெளிச்சம் தேவை. இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் பழக அதிக நேரமும் எடுக்கும். எனவே இரவெல்லாம் எரியும் சிறிய விளக்கு ஒன்று நடைபாதையிலும் ஒன்று குளியலறையிலும் இருக்கட்டும்.

கைபிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதியவர்கள் விழப்போகும் வேளையில் எட்டிப் பிடிப்பது பெரும்பாலும் துவாய் போடும் கம்பியைத்தான். அது ஓர் ஆளின் பாரத்தைத் தாங்குவதற்காகப் பொருத்தப்பட்டது அல்ல. சுவரோடு பிடுங்கிக்கொண்டு வரும். பாரம் தாங்குவதற்கென்றே விற்கப்படும் துருப்பிடிக்காத எஃகுக் கைபிடிகளை வாங்கி, கொமட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் குளிக்கும் இடத்தில் ஒன்றுமாக, கல் அல்லது கொங்கிறீற் சுவரில் ஆழமாகத் துளையிட்டுப் பொருத்தச் செய்யுங்கள். பொருத்திய பின் நீங்களே உங்கள் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள். குளிக்கும் இடத்தில் வழுக்காத கால்களைக் கொண்ட ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் வேண்டும். குளியலறைக் கதவின் கொண்டி வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்; கதவு உட்பக்கமாகத் திறப்பதானால், உள்ளே விழுந்தவரின் உடலே கதவைத் தடுத்துவிடும் என்பதால், அதை வெளிப்பக்கம் திறப்பதாக மாற்ற முடியுமா என்று தச்சரிடம் கேளுங்கள்.

அவர் வாடியிருப்பதற்குக் காரணம் உள்ளறை என்றே நினைக்கிறேன். ஓய்வாக இருக்கட்டும் என்று அன்போடு நாம் முதியவர்களுக்குக் கொடுக்கும் உள்ளறை, நாள் முழுவதும் ஒரு மனித முகத்தையும் காணாத இடமாக ஆகிவிடுகிறது. யாழ்ப்பாணத்து வீட்டில், அது முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய பழைய நாற்சார் வீடாக இருந்தாலும் சரி, முன்னால் விறாந்தை வைத்த சாதாரண வீடாக இருந்தாலும் சரி, அவர் இருந்த இடத்திலிருந்து படலை தெரிந்திருக்கும். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், மழை எந்தப் பக்கத்தில் இருட்டுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த வேலையை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். வீட்டில் கூடிய நேரம் இருப்பவர் அவர். எனவே வீதி தெரியும் யன்னலோரமோ பல்கனிக் கதவோரமோ பகலில் அவருடையதாக இருக்க வேண்டும். வாசல் மணி அடித்தால் பிள்ளைகள் அவரிடம் யார் என்று கேட்கட்டும். பத்திரிகை முதலில் அவர் கைக்குப் போகட்டும்.

சாய்மனைக் கதிரையில் அவருக்குள்ள பற்றை நான் மதிக்கிறேன். அதை எறிந்துவிட வேண்டாம். ஆனால் அதில் உடல் பின்னால் சரிந்து இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்துவிடுவதால், பலம் குறைந்த கால்களோடு தனியே எழும்புவது மிகக் கடினம். யாராவது பக்கத்தில் இருக்கும் பிற்பகல் ஓய்வுக்கு அது இருக்கட்டும். யன்னலோரத்துக்குப் பதினெட்டு அங்குல உயரமும் உறுதியான இருக்கையும் இருபுறமும் கைகளும் உள்ள நேர்க்கதிரை ஒன்றை வையுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஒன்றரை வயது. நான் குசினியில் நிற்கும் நேரமெல்லாம் காலைக் கட்டிக்கொள்கிறான். பல்கனிக்கும் ஓடுகிறான். எப்படி வேலை செய்வது?
– வாசகி, தெஹிவளை

பதில்: பல்கனியைத்தான் முதலில் பாருங்கள், சகோதரி. கம்பிகளுக்கிடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் வலை கட்டுங்கள். பூச்சாடி, முக்காலி, வாளி எதையும் கம்பியோரத்தில் வைக்காதீர்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு அவை படிகள். பூச்சாடிகளின் கீழ்த்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக வளர ஒரு வாரம் பத்து நாட்களே போதும், முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

குசினியில் அவனை முற்றாகத் தடுக்க முயன்றால் வாசலில் நின்று அழுவான், நீங்களும் அரை மனத்தோடு சமைப்பீர்கள். அடுப்புக்கு எதிர்ப்புறமாக உள்ள கீழ்த்தட்டு ஒன்றைக் காலிசெய்து, பிளாஸ்ரிக் கோப்பைகள், மரக்கரண்டி, மூடிகள் ஆகியவற்றை வைத்து அவனுக்கே கொடுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் மண்ணெண்ணெய்ப் போத்தலும் மேல்தட்டுக்குப் போகட்டும். கறிச்சட்டியைப் பின்புற அடுப்பில் வைத்து, கைபிடிகளை உட்பக்கம் திருப்பிவிடுங்கள். காஸ் சிலிண்டர் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டாம். சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு பரவும். எனவே அதை வைக்கும் இடத்தில் கீழ்மட்டத்தில் காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். இரவில் ரெகுலேற்றரை மூடிவிட்டுப் படுங்கள்.

கேள்வி: கணவர் அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். குளிரூட்டி படுக்கையறையில் மட்டும் இருப்பதால் அவருடைய மேசையும் அங்கேதான். நள்ளிரவு தாண்டியும் கூட்டங்களில் பேசிக்கொண்டிருப்பார். எனக்கும் ஐந்து வயது மகளுக்கும் நித்திரை இல்லை.
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: நியூயோர்க்கில் காலை ஒன்பது மணியாகும்போது இங்கே அவர்களுடைய கோடைகாலத்தில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. அங்கே ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் இங்கே அதிகாலை 2.30 அல்லது 3.30. ஆகவே இது சில நாட்கள் பொறுத்துப் போகக்கூடிய சங்கடம் அல்ல. உங்கள் வீட்டின் நிரந்தர நேர அட்டவணை. அதற்கேற்ப இடத்தையும் நிரந்தரமாக ஒழுங்குசெய்ய வேண்டும்.

படுக்கையறையை விட்டு மேசை வெளியே வரட்டும். அவர் வேலை செய்யும் நேரத்தின் பெரும்பகுதி வெயில் இறங்கிய பிறகே வருகிறது. ஹோலில் ஒரு நல்ல மின்விசிறி பெரும்பாலான மாதங்களில் போதும். காற்று அசையாத ஏப்ரல் மாதத்தில் மட்டும் சற்றுச் சிரமப்படுவார். நீங்களும் மகளும் ஒன்பது மணி வரை ஹோலில் இருப்பதானால் அதுவரை அவர் அறையில் மடிக்கணினியோடு இருந்துவிட்டு, நீங்கள் படுக்க வரும்போது இடம் மாறலாம். ஹோலில் அவருடைய மேசை படுக்கையறைச் சுவரோடு ஒட்டியிருக்கக் கூடாது. எதிர்ச் சுவரோரம், அவர் முகம் படுக்கையறைக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி வையுங்கள். பேச்சொலி முகம் பார்க்கும் பக்கமே அதிகமாகப் போகும். தரை ஓடும் வெறும் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால், அவருக்கு முன்னால் தடித்த திரைச்சீலையோ புத்தகத் தட்டோ இருந்தால் நல்லது. படுக்கையறைக் கதவின் அடியில் உள்ள இடைவெளிக்கு இறப்பர்ப் பட்டி ஒன்று பொருத்துங்கள். சத்தம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது, குளிரூட்டியின் குளிரும் அதனூடாகத்தான் வெளியேறுகிறது.

அவருடைய நித்திரையையும் மறந்துவிட வேண்டாம். மூன்று மணிக்குப் படுப்பவருக்குப் பத்து மணி வரை இருட்டு வேண்டும். யன்னலுக்கு உட்துணி வைத்துத் தைத்த தடித்த திரை போட்டு, மகளின் சீருடை, சப்பாத்து, புத்தகப்பை ஆகியவற்றை முதல் நாளிரவே ஹோலில் எடுத்து வைத்தால் காலையில் அலுமாரி திறக்கும் சத்தம் இராது. நாளில் நீங்கள் மூவரும் விழித்திருந்து ஒன்றாக இருக்கக்கூடிய நேரம் மகள் பாடசாலை விட்டு வந்ததிலிருந்து மாலை ஆறு மணி வரைதான். அந்த நேரத்தில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோ கைத்தொலைபேசியோ இருக்கக் கூடாது என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டை ஐந்தரைக்கே வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.